காட்டைக் காக்கும் வேலை யாருடையது?

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:4–15, யோபு 41:1–11





விடுமுறை தொடங்கியதிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் சபைப் பெற்றோரிடையே சுற்றி வருகிறது. ‘போக்கிமான்’ விளையாட்டில் வரும் ‘செலிபி’ என்ற உரு ஒரு காட்டு ஆவி. அதைக் கைப்பேசியில் பிடித்து வைக்கும் பிள்ளை, வீட்டுக்குள் அசுத்த ஆவிக்கு இடங்கொடுக்கிறது. ஆகவே விளையாட்டை அழித்து, வீட்டைச் சுத்திகரிக்க ஜெபக்கூட்டம் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். தாய்மார் சிலர் கலங்கிய மனதோடு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். என் பதிலை எல்லோரும் அறியும்படி இங்கே எழுதுகிறேன். அந்தச் செய்தி வேத அறிவில் பிறந்ததல்ல, அச்சத்தில் பிறந்தது. அதைவிட மோசமானது, மெய்யான பாவம் ஒன்றை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது.

முதலில், எதைக் குறித்துப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வோம். செலிபி, 1999-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் விளையாட்டுகளில் 251-ஆவது உருவாக வந்தது. பச்சை நிறம், சிறிய இறகுகள், காலத்தைக் கடந்து பயணம் செய்யும் வல்லமை. அந்தக் கற்பனை உலகத்து மக்கள் அதைக் காட்டின் காவலனாகக் கருதி, வனத்துக்குள் ஒரு சிறு கோயிலும் வைத்திருக்கிறார்கள். அது வந்துபோன இடத்தில் மரமும் புல்லும் தழைக்கும் என்பது கதை.

இந்த விளையாட்டுகளை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்து மகிழ்ந்தவர். நகரம் பெருகியது, வயல்கள் மறைந்தன, பூச்சிகளும் மறைந்தன. தான் அனுபவித்த அந்த இன்பத்தை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வழியில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே 1996-இல் போக்கிமானாக வெளிவந்தது. பேயை வளர்க்கும் நோக்கம் அங்கே இல்லை. இழந்துபோன ஒரு வயல்வெளியைக் குறித்த ஏக்கமே இருந்தது.

அப்படியானால், விசுவாசி இதற்கு அஞ்ச வேண்டுமா? விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதுகிறார் (1 கொரிந்தியர் 8:4). ஒரே மரத்துண்டில் பாதியை எரித்துக் குளிர்காய்ந்து, மீதியைச் செதுக்கித் தெய்வமாக்குகிறவனை ஏசாயா 44-ஆம் அதிகாரம் நகைப்போடு வருணிக்கிறது. கல்லுக்கும் மரத்துக்குமே அஞ்ச வேண்டாம் என்று கற்ற ஜனம், கைப்பேசித் திரையின் ஒளிப்புள்ளிகளுக்கு அஞ்சுவதா? கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்ட வீட்டை ஒரு சித்திரம் தீட்டுப்படுத்திவிடும் என்று நம்புவது விசுவாசம் ஆகாது. அது தாயத்துக் கட்டுகிறவனின் பயம். கிறிஸ்தவப் பெயர் சூட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விளையாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் மெய்யான குறையை அந்தச் செய்தி தொடவே இல்லை. காட்டின் காவலனையும் ஒரு பந்துக்குள் அடைத்து, ‘இது என்னுடையது’ என்று பட்டியலில் சேர்க்கலாம் என்று அது பிள்ளைக்குக் கற்பிக்கிறது. யோபு 41-இல் தேவன் யோபுவைக் கேட்கும் கேள்வி இதற்கு நேராக நிற்கிறது: லிவியாதானைத் தூண்டிலால் பிடிப்பாயோ? ஒரு குருவியைப்போல அதனோடு விளையாடுவாயோ? உன் பெண்பிள்ளைகளுக்காக அதைக் கட்டி வைப்பாயோ? சிருஷ்டி நம் சேகரிப்புப் பெட்டியில் அடங்குகிற பொருள் அல்ல என்பதே அந்தக் கேள்விகளின் பொருள். அந்தக் கதைக்காரர்களுக்கும் இது ஓரளவு தெரிந்திருக்கிறது. செலிபியை வைத்து 2001-இல் வந்த திரைப்படத்தில் ஒரு கொடியவன் அதைப் பிடித்துத் தன் அடிமையாக்குகிறான். உடனே காட்டைக் காத்துவந்த அதுவே காட்டை அழிக்கும் பூதமாக மாறுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? அதை விட்டுவிட்டு விளையாட்டையே எரிக்கச் சொல்லுகிறோம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1967-இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட், ‘சயின்ஸ்’ இதழில் நம்மீது ஒரு குற்றச்சாட்டை வைத்தார். ஒவ்வொரு மரத்துக்கும் நீரூற்றுக்கும் ஓர் ஆவி உண்டு என்று நம்பிய காலத்தில் மனிதன் அவற்றை அழிக்கத் தயங்கினான். கிறிஸ்தவம் அந்த ஆவிகளைத் துரத்தியது. தயக்கமும் அவற்றோடு போய்விட்டது என்பது அவருடைய வாதம். இறையியல் கல்லூரிகளில் இன்றும் விவாதிக்கப்படும் கட்டுரை அது. நம் ஊரிலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்ரீரங்கம் கோயிலில் புன்னை மரமும், திருவானைக்காவலில் வெண்ணாவல் மரமும் தலமரங்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றின்மேல் கோடரி வைக்க யாரும் துணியமாட்டார்கள். தமிழ்நாட்டின் கோயில்காடுகள் பலவும் ஐயனார்மீதுள்ள அச்சத்தினாலேயே இந்நாள்வரை பிழைத்திருக்கின்றன. அயலாரின் வழிபாட்டில் நாம் பங்குகொள்வதில்லை. ஆனால் அவர்கள் அச்சத்தினால் காத்ததை, அச்சம் நீங்கிய நாம் அன்பினால் காத்தோமா? இதற்கு விடை சொல்லாதவரையில் ஒயிட்டின் குற்றச்சாட்டு நம் வாசலில் நின்றுகொண்டேதான் இருக்கும்.

வேதம் நம்மைக் கைவிடவில்லை. தோட்டத்தில் மனிதனை வைத்த தேவன் அவனிடம் இரண்டு வேலைகளை ஒப்புவித்தார் (ஆதி. 2:15): நிலத்தைப் பண்படுத்துவது, அதைக் காப்பது. ‘காப்பது’ என்பதற்கு எபிரெயத்தில் வரும் சொல் ‘ஷாமார்’. ஆரோனின் ஆசீர்வாதத்தில் கர்த்தர் நம்மைக் காக்கும்படி வேண்டுகிறோமே, அங்கே வருவதும் இதே சொல் (எண். 6:24). தன் சகோதரனுக்குத் தான் காவலாளியோ என்று காயீன் கேட்டதும் இதே சொல்லால்தான் (ஆதி. 4:9). காட்டின் காவலன் என்ற பதவியைத் தேவன் எந்த ஆவிக்கும் கொடுக்கவில்லை. மண்ணினால் உருவாக்கி, தம் சுவாசத்தை ஊதி, உங்களுக்கும் எனக்கும் கொடுத்தார். நாம் அதைத் துறந்துவிட்டோம். அதனால்தான் பிள்ளைகள் அந்தக் காவலனைத் திரையில் தேடுகிறார்கள்.

2018 ஆகஸ்ட் 20 அன்று ‘போக்கிமான் கோ’ கைப்பேசி விளையாட்டில் செலிபியைப் பிடிக்கும் வாய்ப்பு உலகெங்கும் திறக்கப்பட்டது. அந்த நாட்களில் திருச்சியில் என்ன நடந்தது? திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் பிரிக்கும் காவிரியிலும், அப்பாலுள்ள கொள்ளிடத்திலும் வெள்ளம் பெருக்கெடுத்திருந்தது. 1928-இல் திறக்கப்பட்ட கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானத்தின் முதுமையே காரணம் என்றது அரசுத் தரப்பு. வரைமுறையின்றி மணல் அள்ளி ஆற்றின் படுகையைத் தாழ்த்தியதே காரணம் என்றனர் விவசாயிகள். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் ஒரு கேள்வி கேட்பது மேய்ப்பனுடைய வேலை: நம் வீட்டுச் சுவரிலும் நம் ஆலயங்களின் சுவரிலும் பூசிய மணல் எந்த ஆற்றிலிருந்து, எந்த இரவில், யாருடைய லாரியில் வந்தது என்று நம்மில் யாராவது விசாரித்தோமா?

ஆலய வளாகத்தில் நிழல் தந்த வேப்பமரத்தை வெட்டி, கார் நிறுத்தச் சிமெண்டுத் தளம் போட்ட சபைகள் உண்டு. அறுப்பின் பண்டிகையில் நிலத்தின் பலனுக்காக ஸ்தோத்திரம் சொல்லி, பிளாஸ்டிக் தட்டுகளை மூட்டையாக வாய்க்காலில் கொட்டுகிற சபைகள் உண்டு. இவற்றுக்காக எவரும் உபவாசக் கூட்டம் கூட்டியதில்லை. கற்பனையான ஒரு காட்டு ஆவிக்காக மட்டும் இரவெல்லாம் ஜெபிக்க அழைப்பு வருகிறது. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று ஆண்டவர் கண்டித்தது இப்படிப்பட்டவர்களைத்தான்.

‘ஐயர் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்காமல் மரத்தைப் பிரசங்கிக்கிறார்’ என்று சிலர் முணுமுணுக்கலாம். யுத்தத்தில் பட்டணத்தை முற்றுகையிடும்போதும் கனிமரங்களை வெட்டக்கூடாது என்று உபாகமம் 20:19 கட்டளையிடுகிறது. அது சுவிசேஷத்துக்குப் புறம்பானதோ? சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது, தேவபுத்திரர் வெளிப்படுவதற்குக் காத்திருக்கிறது என்று ரோமர் 8-இல் பவுல் எழுதியது சுவிசேஷம் இல்லையோ? மரத்தை வணங்குவது பாவம். மரத்தைப் படைத்தவரை வணங்கிவிட்டு, அவர் காக்கச் சொன்னதை அழியவிடுவதும் பாவமே.

பெற்றோரே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கைப்பேசியைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். விளையாடும் நேரத்துக்கு எல்லை வையுங்கள். ஒரு மாலையில் பிள்ளைகளை ஸ்ரீரங்கம் மேலூரிலுள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, காப்புக்காட்டு நிலத்தில் 2015-இல் திறக்கப்பட்ட இடம் அது. அங்கே எதையும் பிடிக்க வேண்டாம், பந்துக்குள் அடைக்க வேண்டாம். பார்த்து, பெயர் கேட்டு, படைத்தவரைத் துதித்துத் திரும்புங்கள். ஆதாம் ஜீவஜந்துக்களுக்குப் பெயரிட்டது அவற்றைச் சிறைப்பிடிக்க அல்ல என்று வீட்டுக்கு வரும் வழியில் சொல்லிக்கொடுங்கள்.

ஜெபம்: எங்களைக் காக்கிறவரே, நீர் எங்கள் கையில் ஒப்புவித்த ஆற்றையும் மரத்தையும் காக்கத் தவறினோம். இல்லாத ஆவிகளுக்கு அஞ்சுவதிலிருந்து எங்களை விடுவியும். உமக்குப் பயப்படும் பயத்தைத் தாரும். எங்கள் பிள்ளைகள் உம்முடைய தோட்டத்தின் காவலராக வளர அருள்செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.