சங்காயம் என்று சொன்ன வாய்

பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுக் குடும்பங்களில் பிறந்த நாங்கள் ஒரு சொல்லைக் கூசாமல் சொல்லி வந்திருக்கிறோம்: சங்காயம். இறால், கணவாய், நண்டு என்று விலைபோவதைப் பிரித்தெடுத்த பிறகு படகில் மிஞ்சும் குவியலுக்கு அந்தப் பெயர். அதில் காரல் மீன் குவியல் குவியலாகக் கிடக்கும். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு லாரியேற்றினோம்.

அந்த மீனை நாங்கள் நின்று பார்த்ததில்லை. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளித் தகடு. மேலெல்லாம் வழுவழுவென்று கோழை. வாயை மெல்ல இழுத்தால் குழாய்போல் நீண்டு வரும். சேற்றுத் தரையை ஒட்டிக் கூட்டமாகத் திரிந்து, சின்னஞ்சிறு உயிர்களை அந்த வாயால் உறிஞ்சித் தின்னும். தொண்டையைச் சுற்றி ஒரு வளையம். அதற்குள் ஒளிரும் பாக்டீரியாக்கள். அந்த ஒளி காற்றுப்பையில் பட்டு வயிற்றுவழியே கீழே கசிகிறது. மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், அடியில் பதுங்கியிருக்கும் எதிரியின் கண்ணுக்குக் காரலின் நிழல் தட்டாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இத்தனை வித்தையையும் எங்கள் இழுவைமடி ஒரே இழுப்பில் வாரிக்கொண்டது.

பிள்ளை பெற்றவளுக்குக் காரல் ரசம் வைத்துக் கொடுத்தால் பால் சுரக்கும் என்று நம்பிய பாட்டிமார் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். 1960-களில் இறால் ஏற்றுமதியும் இழுவைமடியும் வந்தபின், வீட்டில் மருந்தாக இருந்தது படகில் கழிவாயிற்று.

மடியின் கடைசிப் பகுதியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இறால் நழுவிவிடுமே என்று சிறுகண்ணி கட்டினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையில் நிறுத்தினோம். முடிந்ததும் அதே மடியோடு இறங்கினோம். இக்கரையில் மீன்பாடு குறைந்தபோது மடியை மாற்றவில்லை. அக்கரை இலங்கைத் தமிழ் மீனவரின் கடலுக்குப் போனோம். 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தபோதும், குற்றத்தை எங்களிடம் தேடவில்லை.

சட்டம் தெரியாமல் செய்த பிழையல்ல இது. சங்காயம் என்று ஒரு பெயர் வைத்ததும், குஞ்சும் தாயும் சேர்ந்து சாவதைப் பார்க்க வேண்டிய கடமை எங்களை விட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டோம்.

இனிக் காரலைக் காரல் என்றே சொல்வோம். தனியாகப் பிரித்து, உணவு மீனாகவே ஏலத்தில் வைப்போம். அடுத்த ஜூனில் படகு இறங்குமுன், அதிகாரி வரும்வரை காத்திராமல், எங்கள் மடியின் கண்ணியை நாங்களே அளப்போம்.