கப்பலில் இராப்போசனம்: பெண்ணின் உடையைத் தீர்மானிப்பவர் யார்?

உடை பற்றிய வினாக்கள் அற்பமானவை என்றும், அவற்றை மாதர் சஞ்சிகைகளின் பின்பக்கங்களுக்கு விட்டுவிடலாம் என்றும் கருதும் மனப்பாங்கு கற்றோர் மத்தியிலே நெடுங்காலமாக நிலவிவருகின்றது. வர்க்கம், அரசு, உற்பத்தியுறவு என்பன பற்றிக் காரசாரமாக விவாதிப்போர், ஒருவர் எத்தகைய துணியை உடுத்திவந்தால் அவருக்கு மேசையில் இடமளிக்கலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும்போது அதில் அதிகாரம் எதனையும் காண்பதில்லை. கண்டாலும் நகைத்துவிட்டு அப்பாற் செல்வர். அவர்களுடைய நகைப்புக்கு அஞ்சாது, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் ஓர் உல்லாசக் கப்பலின் போசனசாலையை இங்கு ஆராய எடுத்துக்கொள்வோம்.

கியூனாட் கம்பனியின் 'குயின் மேரி 2' என்னும் கப்பல் 2004ஆம் ஆண்டிலே சேவைக்கு வந்தது. இங்கிலாந்தின் சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து நியூயோர்க்கிற்கு அது செல்லும் ஏழிரவுப் பயணத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் 'காலா' எனப்படும் விழா இரவுகளாகும். அவ்விரவுகளில் ஆணுக்குரிய விதி சுருக்கமானது: கறுப்பு விருந்துக் கோட்டு, அன்றேல் கருநிறச் சூட்டும் கழுத்துப்பட்டியும். பெண்ணுக்குரிய விதியோ நீண்ட கவுண், மாலையுடை, கொக்ரெயில் உடை, நேர்த்தியான காற்சட்டைச் சூட் என ஒரு பட்டியலாக விரியும். இவற்றுக்கு இணங்காதவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பொதுவுணவுக் கூடமும் ஒருசில அருந்தகங்களும் அவருக்குத் திறந்திருக்கும். முழுக் கட்டணமும் செலுத்திய ஒருவர் தமக்கென ஒதுக்கப்பட்ட மேசையைத்தான் இழப்பார்.

பட்டியல் நீண்டிருப்பதாற் பெண்ணுக்குத் தெரிவு அதிகம், ஆகவே சுதந்திரமும் அதிகம் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதமே நமது முதலாவது பகை. ஆணின் விதி மூடப்பட்ட விதி. ஒரே கறுப்புக் கோட்டை அவன் மூன்று இரவுகளும், ஏன், முப்பது ஆண்டுகளும் அணியலாம். எவரும் அதனைக் கவனிப்பதில்லை. கவனிக்கப்படாதிருத்தலே அவனுக்கு அவ்வுடை அளிக்கும் பேறு. பெண்ணின் விதியோ திறந்து விடப்பட்டுள்ளது. 'நேர்த்தி', 'பொருத்தம்' என்பன முழக்கோலால் அளக்கக்கூடியவை அல்ல. ஆதலால் ஒவ்வோர் இரவும் யாரோ ஒருவர் தீர்ப்புக் கூறியாக வேண்டும். வாயிலில் நிற்கும் பணியாளர், அதே மேசையில் அமரும் ஏனைய பெண்கள், எல்லோருக்கும் முன்னதாகக் கணவன் எனத் தீர்ப்பாளர் பலர். முதல் விழா இரவில் உடுத்த கவுணை அவள் இரண்டாவது விழா இரவிலும் உடுத்தால் விதி மீறப்படுவதில்லை. ஆயினும் அவள் மீறியவளாகவே நோக்கப்படுகின்றாள். இச்செலவும் உழைப்பும் பதற்றமும் அவளுக்கே உரியன. அவற்றால் விளையும் அழகு மட்டும் கப்பலுக்குச் சொந்தமாகின்றது. கம்பனியின் விளம்பரப் படங்களிலே மின்னுவது அதுவே.

இனி, மரபு என்னும் வாதத்துக்கு வருவோம். 1922இல் ஐக்கிய அமெரிக்காவிலே எமிலி போஸ்ற் என்பார் வெளியிட்ட நடையொழுக்க நூல் மேல்வகுப்பாரின் வேதநூலாகக் கொள்ளப்பட்டது. ஆடம்பரக் கப்பல்களிலே இராப்போசனத்துக்கு உடை மாற்றும் வழக்கம் உண்டெனக் கூறும் அவ்வம்மையார், அங்கே நடனவிருந்துக்குரிய கவுண் அணிந்து வருவதை மிக மோசமான இரசனையெனச் சாடுகின்றார். தமது அலங்காரத்தைக் காட்ட வேறிடம் இல்லாதோரே அவ்வாறு செய்வர் என்பது அவர் கருத்து. இன்று கப்பற் கம்பனி எதனைப் பண்டைப் பெருமக்களின் மரபென விற்பனை செய்கின்றதோ, அதனை அப்பெருமக்களின் ஆசாரியரே புதுப்பணக்காரத்தனம் என ஒதுக்கினார்! முதலிரவும் கடைசியிரவும் விழாவுடை அணிவதில்லை என்பதும் பழைய வழக்கமே. பயணப்பெட்டிகள் அவிழ்க்கப்படாத, அன்றேல் மீளக் கட்டப்பட்டுவிட்ட இரவுகள் அவை. சுமைகாரரின் வசதிக்கு வளைந்து கொடுக்கும் மரபு, பெண்ணின் வசதிக்கு மட்டும் வளைய மறுப்பது வியப்புக்குரியது.

உண்மையில் இம்மரபின் ஒரு பகுதியைத் தோற்றுவித்தவர்கள் கட்டடக் கலைஞரே. 1935இல் முதற் பயணம் மேற்கொண்ட பிரெஞ்சுக் கப்பலான 'நோர்மாண்டி'யின் முதலாம் வகுப்புப் போசனசாலை ஏறத்தாழ 93 மீற்றர் நீளமானது. மூன்று தளங்களின் உயரத்தையுடையது. சாளரங்கள் அற்ற அம்மண்டபத்துக்கு லலீக்கின் கண்ணாடித் தூண்களே ஒளியூட்டின. வாயிலிலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கியே மேசைகளை அடைதல் வேண்டும். இவ்விறக்கத்தைப் 'பேரிறக்கம்' என்று பெருமையுடன் குறிப்பிடுவது பிரெஞ்சுக் கப்பல்களில் வழக்கம். இறங்கிவரும் பெண்ணை அமர்ந்திருப்போர் அனைவரும் நிமிர்ந்து நோக்குதல் வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். உணவு உண்பதற்குப் படிக்கட்டு எதற்கு? கடலிலே மிதக்கும் அம்மாளிகைக்குப் பெண் ஒரு தூண்டாமணி விளக்காகத் தேவைப்பட்டாள்.

இவ்வுடையும் வணக்கமும் பெண்ணுக்குச் செலுத்தப்படும் மரியாதையின் அடையாளங்கள் என வாதிடுவோருக்கு 1912ஆம் ஆண்டின் கணக்கொன்றைக் காட்ட விரும்புகின்றோம். 'டைட்டானிக்' அமிழ்ந்தபோது 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்பதே கட்டளை. பிரித்தானிய விசாரணை அறிக்கையின்படி முதலாம் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் காப்பாற்றப்பட்டனர். மூன்றாம் வகுப்பிலோ 165 பெண்களில் 76 பேரே உயிர் தப்பினர். இராப்போசனத்துக்கு என்ன உடுத்தினார்கள் என்று எவரும் வினவாத பெண்கள் அவர்கள். மரியாதை பெண்மைக்கு உரியதா, பயணச்சீட்டுக்கு உரியதா என்பது வெள்ளிடைமலை. இன்றும் கியூனாட் கப்பல்களிலே எந்தப் போசனசாலையில் ஒருவர் உண்பார் என்பதை அவர் எடுத்த அறையின் விலையே நிர்ணயிக்கின்றது.

மரபைக் காக்கும் அதே கம்பனியை 1998இல் அமெரிக்காவின் கானிவல் நிறுவனம் கொள்வனவு செய்தது. 1840இல் தொடங்கிய அதன் வரலாற்றிலே முதற்றடவையாக, 2011இல், கப்பல்களின் பிரித்தானியப் பதிவு நீக்கப்பட்டு அவை பெர்மியூடாவிற் பதியப்பட்டன. கடலிலே திருமணம் நடத்தும் வசதிக்காக எனக் காரணம் கூறப்பட்டது. கப்பலின் பின்புறத்திற் பொறித்த ஊர்ப்பெயரையே மாற்றக்கூடிய மரபு, பெண்ணின் பாவாடை நீளத்தில் மட்டும் கல்லெழுத்தாகிவிடுமோ?

நிற்க. விதியைத் தளர்த்திவிட்டால் யாவும் சரியாகிவிடும் என்போரும் உளர். நோர்வீஜியன் கம்பனி 2000ஆம் ஆண்டிலே 'விரும்பியபடி பயணம்' என்ற பெயரில் விழாவுடைக் கட்டாயத்தை நீக்கியது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் விதி போனபின்னும் தீர்ப்பாளர் போவதில்லை. ஆண் கையில்லாத உள்ளங்கியுடன் வந்தால் சோம்பேறி எனப்படுவான். பெண் அவ்வாறு வந்தால் அவளுடைய ஒழுக்கமே விசாரிக்கப்படும்.

நம்மவர் இதனைப் பிறர் வீட்டுப் பிரச்சினையாகக் கருதி மகிழ்தல் வேண்டாம். விழா இரவுகளில் 'தேசிய உடை'யும் அனுமதிக்கப்படும் என்று கப்பல் விதி கூறுகின்றது. சேலைக்குக் கிடைத்த அங்கீகாரம் இது என நம்மிற் பலர் பூரிப்படையலாம். ஆனால் அவ்விதி வேட்டியையும் அனுமதிக்கின்றதே! நமது ஆடவன் அதனைப் பயன்படுத்துகின்றானா? அவன் கறுப்புச் சூட்டினுள்ளே உலகப் பிரசையாக ஒளிந்துகொள்வான். பக்கத்திலே அவன் மனைவி ஆறு யார் பட்டில் ஓர் இனத்தின் பண்பாடு முழுவதையும் சுமந்து நடப்பாள். 1905இல் ஆனந்த குமாரசுவாமி 'இரவல் இறகுகள்' எனப் பொருள்படும் சிறுநூலிலே இலங்கையர் ஐரோப்பிய உடை தரிப்பதைக் கண்டித்தார். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அக்கண்டனம் நியாயமானது. அதன் பாரம் மட்டும் ஆணின் தோளிலிருந்து மெல்ல நழுவிப் பெண்ணின் தோளிலே தங்கிவிட்டது. 2022 நவம்பரிலே ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத உடையில் பாடசாலைக்குச் சென்றபோது இந்நாட்டில் எழுந்த கூச்சலைக் கேட்டவர்கள், காற்சட்டை அணிந்த ஆசிரியர்களைக் குறித்து எவரேனும் ஒரு வார்த்தை பேசினார்களா என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

எமது கோரிக்கை சிறியது. இராப்போசனத்துக்குரிய உடை பற்றிக் கப்பற் கம்பனிக்கு ஏதேனும் கூறவேண்டியிருப்பின், அதனை ஆண், பெண் என்ற பிரிவின்றி ஒரே வாக்கியத்திற் கூறட்டும். கறுப்புச் சூட் ஒருவருக்குப் போதுமெனின் அனைவருக்கும் போதும். அதே சூட்டை ஏழிரவும் அணிந்து, எவராலும் கவனிக்கப்படாது, சூப் ஆறுமுன் உண்டு எழும் உரிமை பெண்ணுக்கும் உண்டு. பட்டு உடுக்க விரும்புபவள் உடுக்கட்டும்; அவளைத் தடுப்பவர் யாருமில்லை. விரும்பாதவளைப் பொதுவுணவுக் கூடத்துக்கு அனுப்புவதற்கு மட்டும் எவருக்கும் உரிமை கிடையாது.