சுருளுக்குள் சூடு
திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் கேபிளுக்கு ரீல் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் பழைய கார் ரிம், இரு பக்கமும் வட்டத் தகடு, பேரிங், ஆங்கிளில் ஸ்டாண்டு. வேண்டிய காரியம்தான். தரையில் கிடக்கும் கேபிள்மேல் பொறி விழுகிறது, டிராலி ஏறுகிறது, வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் தடுக்குகிறது. 50 சதுர மி.மீ. கேபிளில் செம்பு மட்டுமே மீட்டருக்குச் சுமார் 450 கிராம்; 30 மீட்டரைச் சுருட்டித் தோளில் போட்டுச் சுமப்பவரைக் கேட்டால் தெரியும். ரிம்மைத் தேர்ந்தெடுத்ததும் சரியே: உருளை ஒல்லியாக இருந்தால் தலைமுடி போன்ற செம்பு இழைகள் ரப்பருக்குள்ளேயே ஒடிய ஆரம்பிக்கும். எனக்கு உறுத்தியது வேறு. ரீல் என்று ஒன்று வந்துவிட்டால், தேவையான நீளத்தை மட்டும் இழுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுற்றியபடியே விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். 300 ஆம்பியர் ஓடும்போது உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லை. மேலே தொட்டால் இளஞ்சூடு, அடியில் ரப்பர் வெந்துகொண்டிருக்கும். பழைய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் என்றால் சுருளே சோக் ஆகி கரண்ட்டைக் குறைக்கும். ராடு ஒட்டுகிறதென்று வெல்டர் மெஷினைத் திட்டுவார், பாவம். ஸ்லிப் ரிங் வைத்த விலை கூடிய ரீலுக்கும் இதில் விலக்கு கிடையாது. அடுக்கு குறையும்படி அகலமாகச் செய்து, பக்கத் தகட்டில் ஓட்டை வெட்டினால் கொஞ்சம் தாங்கும். "முழுக்க உருவிவிட்டு வெல்டிங் அடிக்கவும்" என்று ஸ்டாண்டில் பெயிண்டால் எழுதச் சொன்னேன். முதலாளி சிரித்தார்: "எழுதினா மட்டும் படிச்சிடுவானுங்களா, சார்?"