அண்டைக் கோளும் நெடுந்தொலைவும்

செவ்வாயை அண்டைக் கோள் என்று கூறுவது வழக்கு. அண்டை வீடு எனின், குரல் கொடுத்தால் கேட்கும் தொலைவில் இருப்பது. செவ்வாயோ, புவிக்கு மிக நெருங்கி வரும்பொழுதும் ஏறத்தாழ 5.5 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. விலகிச் செல்லும்பொழுது அத்தொலைவு 40 கோடி கிலோமீட்டராகிறது. நிலவின் தொலைவு 4 இலட்சம் கிலோமீட்டருக்கும் குறைவே.

இத்தொலைவை நேர்கோட்டில் கடக்கவும் இயலாது. இரு கோள்களும் கதிரவனை ஓயாது சுற்றி வருகின்றன. விண்கலம் சென்று சேரும் நாளில் செவ்வாய் எங்கிருக்குமோ, அவ்விடத்தை நோக்கி அதனை வளைபாதையில் செலுத்த வேண்டும். அதற்கேற்ற காலம் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்றுதான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. ஒளியின் வேகத்தில் செல்லும் வானொலி அலைக்கும் அத்தொலைவைக் கடக்க 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். இடர் நேர்ந்தபின் ஆணை அனுப்பிக் கலத்தைக் காக்க முடியாது. அதற்குரிய கட்டளைகளை முன்னரே பதிவு செய்துவைக்க வேண்டும்.

வெள்ளி இன்னும் அண்மையது. ஆயினும், ஈயத்தையும் உருக்கும் அதன் வெப்பத்தில், 1982ஆம் ஆண்டு தரையிறங்கிய சோவியத் கலமான வெனீரா 13, 127 நிமிடங்களே இயங்கியது.

இந்நிலையில், மனிதரை விரைந்து செவ்வாய்க்கு அனுப்ப வேண்டும் என்போர் உளர். இயந்திரம் பல நாள் செய்யும் ஆய்வை மனிதர் சில மணிநேரத்தில் முடிப்பர் என்பது அவர்தம் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், இயந்திரத்துக்கு மூச்சுக் காற்று வேண்டா, உணவு வேண்டா, திரும்பி வரும் வழியும் வேண்டா. மனிதருக்கோ இவை அனைத்தும் வேண்டும். சென்று, கோள்கள் மீண்டும் உரிய நிலைக்கு வரும்வரை காத்திருந்து, திரும்பி வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அக்காலம் முழுவதும் கதிர்வீச்சின் தாக்குதலைத் தாங்க வேண்டும். ஆதலின், இயந்திரங்கள் முன்செல்ல, மனிதர் பின்செல்வதே அறிவுடைமை. இழந்த கலத்தை மீண்டும் கட்டலாம். இழந்த உயிரை மீட்க இயலாது.

புவி பாழானால் செவ்வாயில் குடியேறலாம் என்னும் எண்ணம் இதனினும் பிழையானது. செவ்வாயின் காற்றழுத்தம் புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அக்காற்றும் பெரும்பாலும் கரியமில வாயுவே. அதனோடு ஒப்பிடின், புவியின் கொடிய பாலைநிலமும் வாழ்வதற்கு எளியது. கோள்களை ஆராய்தல் மனித அறிவின் கடன். புவியைப் பேணாமல் விடுவதற்கு அது சாக்கு ஆகாது.