மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கட்டும்

ஆசிரியருக்கு,

தேர்வு நெருங்கினால் நம் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு உறக்கம் போய்விடுகிறது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸில் படிக்கும் என் அக்காள் மகள், விரிவுரையாளருக்கு ஒரு வரி வாட்ஸ்ஆப் அனுப்பவே எழுதி எழுதி அழிப்பாள். "தப்பா நினைச்சிடுவாங்களோ?" என்ற பயம். வீட்டுப் பெரியவர்கள், "கோயிலுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்" என்றார்கள். கோயிலுக்கும் போகட்டும், ஆலோசகரிடமும் போகட்டும்.

அவள் ஆலோசகரிடம் போனாள். பயத்தைத் தாளில் எழுதச் சொல்லி, "இதற்கு ஆதாரம் என்ன? இதற்கு மாறாக நடந்தது என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் ஆலோசகர். அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை இதுதான். இதற்காகப் போகிறவரைப் 'பைத்தியம்' என்று முத்திரை குத்துவது கொடுமை.

உதவிக்குச் சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் 15555 மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. அரசின் மெந்தாரி மனநல மையங்களும், 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் உள்ளன. ஆனால், வீட்டுச் சண்டையையும் பிடிபிடிஎன் கல்விக் கடனையும் தாய்மொழியில்தான் மனம் திறந்து சொல்ல முடிகிற பிள்ளைகளுக்குத் தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும். கல்லூரிகள் அப்படி ஒருவரை அமர்த்தி, அவரைச் சந்திக்கும் நேரத்தைத் தேர்வுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தங்கள் ஞாயிறு பதிப்பிலும் 15555 எண்ணை வாரந்தோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிள்ளான்