ஃபேபரும் இல்லாத ஃபேபரும்

ஒரு கவிஞரைப் பற்றிச் சொல்ல வரும்போது, அவர் புத்தகத்தை ஃபேபர் வெளியிட்டது என்று ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் அடுத்த கவிஞருக்கு நகர்ந்துவிடும் கட்டுரைகளை நான் போதுமான அளவு படித்தாகிவிட்டது. நம் வட்டத்திலேயே இப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முத்திரை குத்திய தங்கத்தை எதற்கு உரசிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு. லண்டனில் ரஸ்ஸல் சதுக்கத்தில் ஒரு மேஜையில் எடுக்கப்பட்ட முடிவு இங்கே விமர்சனமாகச் செலாவணி ஆகிறது. அந்த மேஜையின் கதை தெரிந்தால் இந்தச் செலாவணி நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அந்த ஸ்தாபனத்தின் பெயரிலேயே ஒரு புனைவு இருக்கிறது. ஃபேபர் அண்டு ஃபேபரில் ஒரே ஒரு ஃபேபர்தான். இரண்டாவது ஆள் பிறக்கவே இல்லை. 1925ல் தொடங்கும்போது அது ஃபேபர் அண்டு க்வையர். அதற்கும் முன்னால் சயன்டிஃபிக் பிரஸ். மருத்துவமனைத் தாதியருக்கான புத்தகங்களும், 'நர்சிங் மிரர்' என்ற பத்திரிகையும் வெளியிட்டுக்கொண்டிருந்தது. க்வையர் சீமாட்டிக்குத் தகப்பனார் வழி வந்த சொத்து. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஜெஃப்ரி ஃபேபருக்கு இலக்கிய ஆசை இருந்தது; ஆசைக்கு முதல் தாதியர் பத்திரிகையிலிருந்து வந்தது. (க்வையர் துரையை நம் சரித்திரப் புத்தகங்களில் வேறிடத்தில் பார்க்கலாம். 1937ல் இந்தியாவின் ஃபெடரல் கோர்ட்டுக்கு முதல் தலைமை நீதிபதியாக வந்தவர் அவர்தான். பிறகு டில்லி சர்வகலாசாலையின் துணைவேந்தர்.) 1929ல் தாதியர் பத்திரிகையை விற்றார்கள், கூட்டாளிகள் பிரிந்தார்கள். ஒற்றை ஃபேபர் தன் பெயருக்குத் துணையாகத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். அந்த யோசனை கவிஞர் வால்டர் டி லா மேருடையது என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஸ்தாபனத்துக்குள் 1925லேயே எலியட் வந்து சேர்கிறார், லாயிட்ஸ் வங்கி வேலையை விட்டுவிட்டு. 'தி வேஸ்ட் லேண்ட்' வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 'கிரைட்டீரியன்' பத்திரிகையையும் அவரே நடத்திக்கொண்டிருந்தார். ஆக, கவிஞர், விமர்சகர், பத்திரிகாசிரியர், பதிப்பாளர் நால்வரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இதன் அர்த்தத்தை நம்மவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கவிதை என்றால் என்ன என்று அவர் கட்டுரை எழுதுகிறார். அந்தக் கட்டுரைக்கு ஒத்துவரும் கவிதை அவர் பத்திரிகையில் வருகிறது. பத்திரிகையில் வந்தவருக்குப் புத்தகம் வருகிறது. அதே கட்டுரையைப் படித்துப் பாடம் கற்றவர் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறார். இது சதி இல்லை. சதியாக இருந்தால் யாராவது அம்பலப்படுத்தியிருப்பார்கள். இது ஒரு மனிதரின் ரசனை ஸ்தாபனமாக இறுகுவது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதுகிறவரே அச்சிடுகிறவராகவும் தீர்ப்புச் சொல்கிறவராகவும் இருக்கும் நம் சிறு பத்திரிகைகளில், முந்நூறு பிரதிக்குள் இதே காரியம் நடக்கவில்லையா என்று யாராவது கேட்டால், நடக்கிறது என்பதுதான் என் பதில். நம் முத்திரைக்கு வெளியே மதிப்பில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

எலியட்டின் கண் கூர்மையான கண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1927ல் திருப்பி அனுப்பிய ஆடனை 1930ல், இருபத்துமூன்று வயதில், புத்தகமாகக் கொண்டுவந்தார். டேவிட் ஜோன்ஸின் 'இன் பேரன்தசிஸ்' 1937ல் வந்தது. 'ஃபின்னகன்ஸ் வேக்' 1939ல். கடைசியாகச் சொன்னதை வியாபாரக் கணக்குப் போட்டு எவனும் அச்சிட மாட்டான்.

ஆனால் வியாபாரக் கணக்கு இல்லாமலும் இல்லை. 1928ல் சசூன் எழுதிய நரி வேட்டைக்காரர் நினைவுக்குறிப்பு நன்றாக விற்றது. 1939ல், அதாவது ஜாய்ஸின் புத்தகம் வந்த அதே வருஷம், எலியட் குழந்தைகளுக்காகப் பூனைகளைப் பற்றி ஒரு சிறு பாட்டுப் புத்தகம் போட்டார். அவர் இறந்து பதினாறு வருஷம் கழித்து, 1981 மே மாதம், அது 'கேட்ஸ்' என்ற இசை நாடகமாக லண்டனில் மேடையேறியது. 2002 வரை, இருபத்தொரு வருஷம் ஓடியது. அதில் வந்த பங்குதான் இந்த ஸ்தாபனத்தை, சுற்றியிருந்த பழைய பிரசுரகர்த்தர்கள் எல்லாம் பெரிய கம்பெனிகளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், தனியாக நிற்க வைத்தது. தொடக்கத்தில் தாதி பால் கொடுத்தாள். பிற்பாடு பூனை சோறு போட்டது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஸ்தாபனம் இதை மறைக்கவும் இல்லை. 2019ல் ஜெஃப்ரியின் பேரன் டோபி ஃபேபர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் தொகுத்துப் போட்ட புத்தகத்தில் பணக் கவலை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மறைப்பவர்கள் பக்தர்கள்தான். வறுமையில் நின்று தரத்தைக் காத்த கோயில் என்று ஒன்றை அவர்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பூனைக்கு இடமில்லை.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மறுப்புகள். ஆர்வெல்லை எலியட் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். 1932ல், பாரிஸிலும் லண்டனிலும் பட்ட தரித்திரத்தை எழுதிய முதல் புத்தகம். அது போகட்டும், முதல் புத்தகத்தைத் தவறவிடாத பதிப்பாளர் கிடையாது. 1944 ஜூலையில் 'அனிமல் ஃபார்ம்' விஷயம் வேறு. அந்த மறுப்புக் கடிதத்தைப் படித்தவர்கள் யாரும் அதை ரசனையின் குரல் என்று சொல்ல முடியாது. எழுத்து நன்றாக இருக்கிறது என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். கல்லிவருக்கு அப்புறம் இப்படிச் சாதித்தவர்கள் சொற்பம் என்கிற அளவுக்குப் போகிறார். பிறகு, இன்றைய அரசியல் நிலைமையை விமர்சிக்க இது சரியான கோணம்தானா என்பதில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கழன்றுகொள்கிறார். பன்றிகள்தான் இருப்பதிலேயே புத்திசாலிப் பிராணிகள், ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியுள்ளவை. தேவைப்பட்டது பொதுநலம் கொண்ட பன்றிகள்தான் என்று ஒரு வாதம் வேறு. ரஷ்யா அப்போது யுத்தத்தில் நேச நாடு. கொலான்ஸும் கேப்பும்கூட மறுத்தார்கள். ஆனால் அவர்கள் மறுப்பை யாரும் இலக்கியத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. புத்தகம் நன்றாக இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்று ஒரு விமர்சகர் சொல்கிற இடத்தில் விமர்சகர் எழுந்து போய்விட்டார். ஸ்தாபனத்தின் டைரக்டர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். 1945 ஆகஸ்டில் செக்கர் அண்டு வார்பர்க் அதை வெளியிட்டது.

கோல்டிங் கதை பக்தர்களுக்குப் பிடித்தமானது. பல இடங்களில் திரும்பிய 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' கைப்பிரதி ஃபேபருக்கு வந்தது, 1954ல் புத்தகமாயிற்று, 1983ல் நோபல். ஆனால் ஃபேபர் நியமித்திருந்த வாசகரே முதலில் அதைக் குப்பை, அலுப்பு என்று குறிப்பெழுதி ஒதுக்கிவிட்டார். புதிதாக வேலைக்கு வந்திருந்த சார்லஸ் மான்டீத் கழித்துப்போட்ட குவியலிலிருந்து எடுத்துப் படித்து, வெட்டச் சொல்லி, வாதாடிக் கொண்டுவந்தார். ஸ்தாபனத்தின் ரசனை எது? வேண்டாம் என்றதா, வேண்டும் என்றதா? இரண்டு பேர் படித்தார்கள், ஒருவர் சரியாகப் படித்தார். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. புகழை மான்டீத்துக்குக் கொடுக்காமல் முத்திரைக்குக் கொடுப்பானேன்?

லார்கினை எல்லோரும் ஃபேபர் கவிஞர் என்கிறார்கள். அவரை அவராக்கிய 'தி லெஸ் டிசீவ்டு' 1955ல் ஹல் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெஸ்ஸலில் ஒரு இளம் தம்பதி நடத்திய மார்வெல் பிரஸ்ஸிலிருந்து வந்தது. முன்கூட்டியே சந்தா வசூலித்து அச்சிட்டார்கள். சந்தா கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் புத்தகத்தின் கடைசியில் இருந்தது. ஃபேபரிடமிருந்து 'தி விட்சன் வெடிங்ஸ்' வந்தது 1964ல், பெயர் நிலைத்த பிறகு. டெட் ஹ்யூஸின் முதல் தொகுதியும் நியூயார்க்கில் பரிசு வாங்கிய பிறகுதான் 1957ல் ஃபேபரில் வந்தது. அந்தப் பரிசின் நடுவர்களில் ஆடன் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பேஸில் பன்டிங்குக்கு இந்தத் தாமதமான மரியாதைகூட உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லை. 'பிரிக்ஃபிளாட்ஸ்' 1966ல் ஃபுல்க்ரம் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. அந்த நூற்றாண்டின் ஆங்கில நெடுங்கவிதைகளில் மிகச் சிலவற்றோடு வைத்துப் பேச வேண்டியது அது. ஃபேபர் பட்டியலை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கவிதை கற்றவர்கள் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் 1985ல் இறந்தார். அடிக்குறிப்பும் பாடபேதமுமாக அவருடைய கவிதைகளின் ஆராய்ச்சிப் பதிப்பு ஒன்று 2016ல் வந்தது. வெளியீடு ஃபேபர் அண்டு ஃபேபர்.