ஆட்டத்தின் பெயரால் நுழையும் கள்வன்

கிழக்குக் கடற்கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. அந்நாள்களில் மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இராமேசுவரத்திலும் மீனவர் குடும்பங்கள் அரசின் உதவித்தொகையை நம்பியிருக்கின்றன. 5,000 உருபாவாக இருந்த அத்தொகையை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு, 2023-இல் மண்டபத்தில் கூடிய மீனவர் மாநாட்டிலேயே வெளியாயிற்று. தொகை நேரே வங்கிக் கணக்கிற்கு வருகின்றது; வந்த செய்தி தந்தையின் கைப்பேசிக்கு வருகின்றது. அக்கைப்பேசியோ, கோடை விடுமுறையில் வீட்டிலிருக்கும் மகனுக்கு ஆட்டக்களம்! நாம் எச்சரிக்க வந்த கேடு இங்குதான் பதுங்கியிருக்கின்றது.

2020 செப்டம்பர் 2-ஆம் நாள் பப்சி உள்ளிட்ட 118 செயலிகளை இந்திய அரசு தடைசெய்தது. 2022 பிப்பிரவரியில் பிரீ பயரும் தடையுற்றது. பப்சியோ 2021-இல் வேறு பெயரில் வந்து, 2022-இல் மறைந்து, 2023-இல் மீண்டது. ஆட்டம் மறைந்ததேயன்றி ஆடும் வேட்கை மறைந்ததா? முறையான செயலிக் கடையில் கிடைக்காததைக் கண்ட இடத்திலிருந்தெல்லாம் இறக்கிக்கொள்ளும் பழக்கம் நம் சிறுவரிடையே வேரூன்றிற்று. கள்வர்க்கு வேறென்ன வேண்டும்?

அவ்வாறு வரும் போலிச் செயலி ஆட்டம்போலவே தோன்றும். குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கும். சிறுவன் தொட்டு இசைவான். அதன்பின் வங்கி விடுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் தந்தைக்குத் தெரியுமுன் கள்வனுக்குத் தெரியும். பார்வையற்றோர்க்கு உதவவென அமைந்த அணுகல் ஏந்தையும் சில கேட்கும். அதைத் தந்துவிட்டால், திரையைப் பார்க்கவும் நம் விரலுக்கு மாறாகத் தானே பொத்தான்களைத் தொடவும் அதற்கு இயலும். பூட்டை உடைக்கும் உழைப்புக்கூட இந்தக் கள்வனுக்கு இல்லை!

இன்னொரு வகை, விலையின்றி ஆட்டக்காசு தருவதாகக் கூறிப் போலிப் பக்கத்தில் கணக்கின் கடவுச்சொல்லை எழுதச் சொல்வது. அதே சொல்லையே மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பவன் இரண்டையும் இழப்பான். ஒவ்வொன்றிற்கும் தனிச்சொல்லும், இருபடிச் சரிபார்ப்பும் வேண்டும்.

பெரிய கடையென்று முற்றும் நம்பவும் இயலாது. உலகெங்கும் கணினி ஆட்டங்களை விற்கும் இசுட்டீம் தளத்திலேயே 2025 பிப்பிரவரியில் பைரேட்பை என்னும் ஆட்டம் தீநிரலைச் சுமந்து வந்தது. சில நாள்களுக்குப் பின்னரே நீக்கப்பட்டது.

ஆங்கிலத்தில் கேட்கப்படும் இசைவுக் கேள்விகளை நம் வீடுகளில் எத்துணைப் பேர் படித்துணர்ந்து விடையளிக்கின்றனர்? கைப்பேசியைத் தமிழில் இயக்கும் ஏந்து இருந்தும் நாம் அதைத் தொடுவதில்லை. 'குறுஞ்செய்திகளைப் படிக்க இசைகிறீரா' என்று தமிழிலே கேட்டால், ஆட்டத்திற்கு அது எதற்கு என்று தாயே வினவுவாள். மொழிமானம் ஒருபுறம் இருக்கட்டும். பணத்தைக் காக்கவேனும் இன்றே மாற்றுக.

பணம் பறிபோனால், வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கி, 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவும். விரைந்து சொன்னால் இடையிலே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அடிக்கு அஞ்சி மகன் மறைத்தால் அவ்வாய்ப்புப் போய்விடும். ஆதலின் பெற்றோர் சினத்தை அடக்கி, எந்தச் செயலியை எங்கிருந்து இறக்கினான் என்பதை முதலில் கேட்டறிக.